மட்டாஞ்சேரியின் யூதப் பள்ளி

சபரி எக்ஸ்பிரஸ் என்னும் புகைவண்டியை அறியாதவர் நம் வாசகர்களுள் இரார். அது செகந்தராபாத்தில் புறப்பட்டுக் குண்டூர், தெனாலி, நெல்லூர், கூடூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதியை அடைகிறது. அங்கிருந்து பாகாலா, சித்தூர் கடந்து காட்பாடியில் தமிழகத்துப் பெரும்பாதையோடு கலந்து, சேலம், ஈரோடு, கோவை, பாலக்காடு என ஓடித் திருவனந்தபுரத்தில் இளைப்பாறுகிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் கறுப்பு வேட்டியும் இருமுடியுமாக ஐயப்பன் அடியார்கள் அவ்வண்டியை நிரப்பிவிடுவர். முன்பதிவு அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் என்போன்ற எழுத்தர்க்கு அந்த இரண்டு மாதங்களும் மூச்சுவிட நேரம் இராது.

அவ்வண்டியின் பாதையிலே, குண்டூர்ப் பக்கம் ஒரு சிற்றூரிலும், எர்ணாகுளத்தை அடுத்த ஒரு தெருவிலும் யூத சமயத்தார் பிள்ளைகளுக்கு எபிரேயம் கற்பித்த வரலாறு உண்டு என்பதை நான் அண்மையில்தான் அறிந்தேன். இவ்விரண்டிற்கும் நடுவே இருப்பவை நம் திருப்பதியும் சித்தூரும்.

இதை அறிய நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பை நடத்துவதா, நிறுத்திவிடுவதா என்று செயற்குழுவில் பேச்சு எழுந்ததை அன்பர்கள் அறிவீர்கள். தொடங்கிய ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். இப்பொழுது வருவோர் ஒன்பதின்மர். அவ்வொன்பதின்மருள் என் மகளும் ஒருத்தி. அவளுக்குத் தெலுங்கு எழுத வரும், ஆங்கிலம் எழுத வரும். தமிழ் பேச மட்டும் வரும். ஆற்காட்டிலிருக்கும் அவளுடைய பாட்டி கைப்பட எழுதும் கடிதத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்த வருத்தத்தை அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெனாலியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சிரித்தார். “நீங்கள் பக்கத்து மாநிலத்து மொழிக்கு இத்தனை கவலைப்படுகிறீர்களே சார்! எங்கள் ஊர்ப் பக்கத்தில் கூலி வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளுக்கு எபிரேயமே சொல்லிக் கொடுக்கிறார்கள்” என்றார். நான் அவர் விளையாடுகிறார் என்றே எண்ணினேன்.

விளையாட்டன்று. குண்டூர் மாவட்டத்துச் சேப்ரோலுக்கு அருகில் கொத்தரெட்டிபாலெம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ‘பெனே எப்ராயீம்’, அதாவது எப்ராயீமின் மக்கள், என்று தம்மைக் கூறிக்கொள்ளும் குடும்பங்கள் சில வாழ்கின்றன. அவர்களுடைய முன்னோர் மாதிகா குலத்தவர். 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் தழுவியவர்கள். 1980-களின் இறுதியில் ஷ்முவேல் யாக்கோபி, சதோக் யாக்கோபி என்னும் உடன்பிறந்தார் இருவர், தம் குலம் இஸ்ரயேலின் காணாமற்போன பத்துக் குலங்களுள் ஒன்றன் வழி வந்தது என்று கூறி, யூத சமய ஒழுக்கத்தை மேற்கொண்டனர். 1991-இல் அங்கே ஒரு சிறு தொழுகைக் கூடமும் ஏற்பட்டது. அவர்கள் கூற்று வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதை அறிஞர் ஆராயட்டும். இஸ்ரயேல் அரசு இதுவரை அதை ஏற்கவில்லை. என்னைக் கவர்ந்தது வேறொன்று. பகலெல்லாம் வயலில் உழைக்கும் மக்கள், முன்பின் கேட்டறியாத ஒரு மொழியின் எழுத்துகளைப் பிள்ளைகளுக்கு அளிக்க முற்பட்டனர். பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே காலத்தில் ‘ஆலெப், பேத்’ என்று எழுத்தறியத் தொடங்கினர். எழுத்துக் கூட வராதவர்க்கு எபிரேய வழிபாட்டுரைகளைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்ளும் வழியும் இருந்தது. தந்தைக்குத் தெரியாதது மகனுக்கு எப்படி வரும் என்று நம்மிடையே சிலர் கேட்பது உண்டு. அங்கே தந்தையும் மாணாக்கனாகிவிட்டார்.

என் விடுமுறைக்கு ஒரு திசைதான் இயலும் என்பதால், நான் தெற்கே செல்லும் வண்டியைப் பிடித்தேன். புதிய முயற்சியைக் காட்டிலும் பழைய வழக்கத்தைக் காண வேண்டும் என்பது என் ஆவல். மகளையும் அழைத்துச் சென்றேன்.

பாகாலாவிலிருந்து சித்தூர் வரை இருபுறமும் கரும்புத் தோட்டமும் மாந்தோப்பும் மாறி மாறி வரும். ஒரு காலத்தில் இது மீட்டர் கேஜ் பாதை. அக்காலத்து வண்டிகளில் தமிழும் தெலுங்கும் ஒரே இருக்கையில் அமர்ந்து பேசிக்கொண்டு வந்ததை எங்கள் அலுவலகத்து முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1911-இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் ஆக்கினார்கள். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனோடு சென்றது. 1960-இல் திருத்தணி அங்கே போக, வேறு சில ஊர்கள் இங்கே வந்தன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே நம் சங்கத்தில் என்னைப்போல் வேலை மாற்றத்தால் குடியேறியவர்களும் உண்டு; எங்கும் குடியேறாமல், தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்துகொண்டே வேற்று மாநிலத்தவர் ஆனவர்களும் உண்டு. இப்பின்னவரைக் ‘குடியேறியவர்’ என்று உறுப்பினர் படிவத்தில் எழுதச் சொல்வது சரியன்று என்று எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. அது வேறு சமயத்தில்.

மறுநாள் எர்ணாகுளம் டவுன் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் மட்டாஞ்சேரி சென்றோம். யூதத் தெருவுக்குள் நுழையுமுன்பே சுக்கும் மிளகும் ஏலமும் கலந்த வாசனை வந்து எதிர்கொள்கிறது. இருமருங்கிலும் பழம்பொருள் கடைகள். தெருவின் முடிவில் ஒரு மணிக்கூண்டு. 1760-இல் எசக்கியேல் ரகபி என்னும் யூத வணிகர் எடுப்பித்தது. அதன் முகங்களில் எண்கள் ஒவ்வொரு புறமும் ஒவ்வொரு வகையாக இருக்கின்றன: எபிரேயம் ஒருபுறம், மலையாளம் ஒருபுறம், உரோமம் ஒருபுறம். “ஒரே மணிக்கு எத்தனை எழுத்து அப்பா!” என்றாள் மகள்.

அதனருகில் இருப்பதே பரதேசி யூத ஆலயம். 1568-இல் கட்டப்பட்டது. ‘பரதேசி’ என்றால் பிச்சைக்காரன் என்று நம் பேச்சில் பொருள் திரிந்துவிட்டது. இங்கே அச்சொல் பிற தேசத்தவர் என்னும் பழைய பொருளிலேயே நிற்கிறது. இசுபானியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் எடுத்த ஆலயம் என்பதால் அப்பெயர். சுவருக்கு அப்பால் பழையனூர்ப் பகவதி கோயில். அதற்கும் அப்பால் கொச்சி மன்னரின் மட்டாஞ்சேரி அரண்மனை. 1662-இல் போர்த்துகீசியர் இவ்வாலயத்தைப் பாழ்படுத்தினர். ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்த பிறகு செப்பனிடப்பட்டது. வெள்ளி, சனிக் கிழமைகளில் பார்வையாளரை விடுவதில்லை. அங்கு செல்ல எண்ணுவோர் வியாழனுக்குள் போய்ச் சேர வேண்டும்.

காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். தரையில் பதித்த ஓடுகள் 1762-இல் சீனாவிலிருந்து வந்தவை. வெண்மையில் நீலச் சித்திரம் தீட்டியவை. அவற்றின்மேல் வெறுங்காலோடு நடக்கையில் வெயிற்காலத்துக்கு இதமாக இருந்தது. நடுவிலே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. மேலே கண்ணாடி விளக்குகள் பல தொங்குகின்றன. மேற்குச் சுவரில், அதாவது எருசலேம் இருக்கும் திசையில், செதுக்கு வேலை நிறைந்த மரப் பேழை. அதனுள் தோரா என்னும் திருமறைச் சுருள்கள். மாடியில் பெண்கள் அமரும் இடத்துக்கு முன்பாக இன்னொரு மேடை இருக்கிறது. மாடியில் இப்படி இரண்டாம் மேடை அமைப்பது கேரளத்து யூத ஆலயங்களுக்கே உரிய வழக்கமாம். திருநாட்களில் மறையை அங்கிருந்து ஓதுவர். பெண்டிர் மிக அருகில் இருந்து கேட்பர்.

தமிழர்க்கு உரிமையான பொருள் ஒன்றும் இவ்வாலயத்துக்கு உண்டு. கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவன் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளை அளித்துப் பொறித்த செப்பேடுகள் அவை. எழுத்து வட்டெழுத்து, மொழி, மலையாளம் தனியே பிரிந்து நிலைபெறுமுன் அந்நாட்டில் வழங்கிய பழந்தமிழ். அந்த யூதத் தலைவனின் பெயரே தமிழ் ஒலிக்கு ஏற்ப ‘இசுப்பு இரப்பான்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இதற்கும் முற்பட்ட தொடர்பு ஒன்றைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக் காட்டினார். சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த மயில்களை எபிரேய விவிலியம் ‘துக்கி’ என்னும் சொல்லால் குறிக்கிறது. அது நம் ‘தோகை’யே என்பது அவர் கருத்து. வணிகர் மிளகை மட்டும் கொண்டுபோகவில்லை என்று தெரிகிறது.

கேரளத்தில் கிறித்தவர் கோயிலும் பள்ளி, இசுலாமியர் தொழும் இடமும் பள்ளி, யூதர் ஆலயமும் பள்ளி. நமக்கோ பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம். பண்டு சமண முனிவர் தங்கிய பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால் அப்பெயர் கல்விக்கூடத்துக்கு வந்தது என்பர். ஐரோப்பாவிலே ஜெர்மன் மொழி வழங்கிய நாட்டு யூதர் தம் ஆலயத்தை ‘ஷூல்’ என்றே அழைத்தனர். அச்சொல்லுக்கும் பொருள் பள்ளிக்கூடம் என்பதே. தொழுமிடமும் படிக்குமிடமும் ஒன்றாக இருந்த வழக்கம், ஒன்றையொன்று காணாத இரு மொழிகளில் ஒரேவகையாகப் பதிந்திருப்பதை எண்ணி அந்த மாடத்தின் கீழ் சற்று நேரம் நின்றேன்.

கொச்சி யூதரிடம் இவ்வழக்கம் எவ்வாறு நடந்தது என்பதைத்தான் நான் அறிய விரும்பினேன். அவர்களுக்கு ‘ரப்பி’ எனப்படும் குருமார் இருந்ததில்லை. ஊர்ப் பெரியோரே ஆலயத்தை நடத்தினர். வழிபாட்டை முன்னின்று ஓதுபவரே பெரும்பாலும் பிள்ளைகளுக்கு ஆசான். சமய விதிப்படி ஆடு கோழி அறுப்பவரும் அவராகவே இருத்தல் உண்டு. சில ஆலயங்களில் பெண்கள் மாடத்தை ஒட்டிய மாடியறையே வகுப்பறை. பிள்ளைகள் பொதுப் பள்ளிக்கூடம் செல்லுமுன் காலையிலும், திரும்பிய பின் மாலையிலும் அங்கே சென்று எபிரேய எழுத்தும் வழிபாட்டுரையும் கற்றனர். வீட்டிலே பேசியது மலையாளம், பள்ளிக்கூடத்திலே மலையாளமும் ஆங்கிலமும், ஆலயத்திலே எபிரேயம். மூன்று மொழி சுமை என்று நம் வீடுகளில் பெருமூச்சு விடுகிறோமே, அந்தச் சுமையை அச்சிறு தெருவின் பிள்ளைகள் நூற்றாண்டுக் கணக்கில் சுமந்தனர்.

எபிரேயத்துக்கு எழுத்து 22. வலமிருந்து இடமாகச் செல்லும். உயிரொலிகளைப் புள்ளியும் கோடும் இட்டுக் காட்டுவர். ஆனால் தோலில் கையால் எழுதப்படும் தோராச் சுருளில் அக்குறிகளும் இரா, இசைக் குறிகளும் இரா. வெறும் மெய்யெழுத்துகளைப் பார்த்து, உயிரொலியும் இசையும் பிழையாமல் ஓத வேண்டும். பார்த்தால் படிப்பு, உண்மையில் மனப்பாடம். நம் பழைய ஏட்டுச் சுவடிகளிலும் புள்ளி வைப்பதில்லை. எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவனே தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் வாய்மொழியைக் கேட்டறியாதவனுக்கு அச்சுவடியும் திறவாது, அச்சுருளும் திறவாது. சுருளின்மேல் விரல் படலாகாது என்பதால், நுனியில் சிறு கை வடிவம் அமைந்த கோலொன்றால் வரியைச் சுட்டிப் படிப்பர். திருமறையின் ஐந்து நூல்களையும் 54 பகுதிகளாக்கி வாரந்தோறும் ஓதி ஓராண்டில் முடித்து, முடித்த நாளிலேயே மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர். அதுவே பெருவிழா.

உலகெங்கும் யூதச் சிறுவனுக்குப் பதின்மூன்றாம் வயதில் ‘பார் மிட்ஸ்வா’ என்னும் சடங்கு நடக்கும். சமயக் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாளி ஆகும் நாள் அது. அவன் சபைமுன் நின்று மறை ஓதுவான். பெண்களுக்குப் பன்னிரண்டாம் வயது. ஆனால் பெண் சபைமுன் ஓதும் வழக்கம் மிகப் பிந்தியது. நியூயார்க்கில் 1922-இல் ஜூடித் கப்லான் என்னும் சிறுமி ஓதியதே அமெரிக்காவில் முதல் என்பர். கொச்சியிலோ பையன்கள் பதின்மூன்று வரை காத்திருக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறு வயதிலேயே, ஐந்தாறு வயதுப் பிள்ளையை மேடையில் ஏற்றி, தீர்க்கதரிசிகள் நூலின் ஒரு பகுதியை ஓதச் செய்வர். தெருவே கூடிக் கேட்கும். அப்பிள்ளை அதற்காக மாதக்கணக்கில் ஆசானோடு பயின்றிருப்பான். பதின்மூன்றாம் வயதுச் சடங்கு அங்கே அத்தனை பெரிதாகக் கருதப்படாமைக்கு இதுவே காரணம் போலும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கொச்சியில் சிறுமியரும் சிறுவரோடு எபிரேயம் கற்றனர். பல நாட்டு யூதரிடை இல்லாத வழக்கம் இது. பெண்கள் மலையாளத்தில் தமக்கெனப் பாடல்கள் வைத்திருந்தனர். அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதி, திருமணத்திலும் திருநாளிலும் பாடினர். தாய் எழுத்தறிந்தவள் ஆதலால் பிள்ளையின் பாடம் அடுப்படியிலும் தொடர்ந்தது.

இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது? எருசலேமின் ஆலயம் கி.பி. 70-இல் உரோமரால் இடிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகட்கு முன் தலைமைக் குருவாயிருந்த யோசுவா பென் கம்லா என்பவர், ஊர்தோறும் ஆசிரியரை அமர்த்தி, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று விதித்ததாக அவர்களுடைய தல்மூது நூல் கூறுகிறது. அதற்குமுன் தந்தை உள்ள பிள்ளை தந்தையிடம் கற்றான்; தந்தையில்லாப் பிள்ளை கல்லாமல் நின்றான். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் துணையாசிரியர் ஒருவர், 50 ஆனால் ஆசிரியர் இருவர் என்று அந்நூல் கணக்கும் வகுத்திருக்கிறது. இன்றைய நம் பள்ளிக்கூடங்களில் இந்தக் கணக்கு எத்தனையில் நிறைவேறுகிறது என்பதைப் பெற்றோர் அறிவர். ஆலயம் இடிந்த பின் பலி இல்லை, பீடம் இல்லை. கையில் எஞ்சியது நூல் ஒன்றுதான். நூலைப் படிக்கத் தெரிந்த பிள்ளை இல்லாவிடில் அதுவும் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் முதல் நாள் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு எழுத்துப் பலகையில் தேன் தடவி நக்கச் செய்வராம். அரிசியில் ‘அ’ எழுதிக் கற்கண்டு தரும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

பம்பாய்ப் பக்கத்துப் ‘பெனே இஸ்ரயேல்’ யூதர் வரலாறு இதற்கு மறுபுறம். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்த அவர்கள் சனிக்கிழமை வேலை செய்யாமையையும் சில நோன்புகளையும் மட்டுமே காத்து, எழுத்தை முற்றும் இழந்திருந்தனர். 1796-இல் சாமுவேல் திவேகர் பம்பாயில் அவர்கட்கு முதல் ஆலயம் எடுத்தார். பின்பு 19-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கு எபிரேயம் கற்பிக்கச் சென்றோர் யார் என்றால், கொச்சி யூத ஆசான்கள். 1875-இல் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் அவர்களுக்கென ஒரு பள்ளியே நிறுவினார். இழந்த எழுத்து மீளாது என்பார் இதைக் கருத வேண்டும். கல்கத்தாவிலும் யூதப் பெண்கள் பள்ளி ஒன்று உண்டு. இன்று அதில் படிக்கும் சிறுமியருள் மிகப் பெரும்பாலோர் இசுலாமியர். பெயர்ப்பலகை மட்டும் பழையபடி இருக்கிறது.

மட்டாஞ்சேரியிலும் பிள்ளைகளின் குரல் இன்று இல்லை. 1948-இல் கொச்சிப் பகுதியில் ஏறத்தாழ 2,500 யூதர் இருந்தனர். 1950-களில், சிறப்பாக 1954, 1955 ஆகிய ஆண்டுகளில், ஊர் ஊராகப் புறப்பட்டு இஸ்ரயேலுக்குச் சென்றனர். பத்து ஆண்மக்கள் கூடினால்தான் சபை வழிபாடு நடத்தலாம் என்பது அவர்கள் விதி. இன்று யூதத் தெருவில் விரல்விட்டு எண்ணவும் ஆளில்லை. 1968-இல் ஆலயத்தின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். அன்றைக்கே சபை சிறுத்துவிட்டது. சேந்தமங்கலம், பரூர் ஆகிய ஊர்களின் ஆலயங்களை அரசு செப்பனிட்டுக் காட்சிக்கூடமாக்கியிருக்கிறது. எர்ணாகுளம் சந்தைக்குள் இருக்கும் கடவும்பாகம் ஆலயத்தின் முன்கட்டில் பூச்செடியும் வண்ணமீனும் விற்ற காலமும் உண்டு.

நெகேவ் பாலையில் நெவாதிம் என்னும் ஊரில் கொச்சி யூதர் குடியேறினர். அங்கே தம் பழைய ஆலயத்தைப் போலவே ஒன்று அமைத்துக்கொண்டனர். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். கொச்சியில் கோயில் மொழியாக முயன்று கற்ற எபிரேயம் அங்கே கடைத்தெரு மொழியாயிற்று. முயலாமலே வந்த மலையாளம் பேரப்பிள்ளைகளுக்கு விளங்காத மொழியாயிற்று. பாட்டிமாரின் பாட்டுக் குறிப்பேடுகளை ஆராய்ச்சியாளர் தேடித் தேடிச் சேர்த்து, முதியவர்களைப் பாடச் செய்து பதிவு செய்திருக்கின்றனர். பேரப்பிள்ளைகள் பாட்டின் இசையை அறிவர்; வரியின் பொருளை மொழிபெயர்ப்பில் படிக்கின்றனர். ஆகவே யூதர் எதையும் மறவாதவர் என்று நான் புகழ வரவில்லை. எதற்கு ஒரு மேடையும் ஓர் ஆசானும் வைத்தனரோ அது நின்றது. தானே வரும் என்று விட்டது போயிற்று.

திருப்பதிக்குத் திரும்பிய சில வாரங்களில் மார்கழி பிறந்தது. திருமலையில் அம்மாதம் முழுதும் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிப்பதை அறிவோம். அம்மலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். திருமலைக்கு அருகே தர்மகிரி வேத பாடசாலை இருக்கிறது. மகந்துகள் ஆட்சிக்காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. பத்துப் பன்னிரண்டு வயதில் சேரும் சிறுவர் பல்லாண்டு அங்கேயே தங்கி வேதமும் ஆகமமும் திவ்வியப் பிரபந்தமும் ஓதுகின்றனர். ஒருநாள் திருமலையில் பிரபந்தம் ஓதும் சிறுவன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். கடப்பைப் பக்கத்தவன், வீட்டு மொழி தெலுங்கு, தமிழில் ‘எந்த ஊர் தம்பி?’ என்று கேட்டதற்கு விழித்தான். கையிலிருந்த நூல் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டது. ஆனால் பாசுரத்தை ஓதத் தொடங்கியதும் ழகரம் ஒன்றும் பிசகவில்லை. தெலுங்கில் இல்லாத அவ்வெழுத்தை ஆசான் அவன் நாவில் எத்தனை நாள் முயன்று ஏற்றினாரோ! என் மகள் அருகில் நின்று கேட்டாள். அவள் தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். அவன் தமிழ் ஓதுவான், பேச அறியான். இருவரும் ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொண்டார்கள்.

செயற்குழுவில் நான் சொன்னவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். ஒன்பது பிள்ளைகள் போதா என்று வகுப்பை மூடுவது ஏற்கத்தக்கதன்று; 25 பேர் வரும்வரை ஆசிரியருக்கு நேரம் மிஞ்சும் என்றுதான் கொள்ள வேண்டும். மாதக் கூட்டத்தில் பெரியவர்கள் சொற்பொழிவாற்றி நேரத்தைக் கழிப்பதற்கு முன், வகுப்பில் மிக இளைய பிள்ளை எழுந்து இவ்விதழிலிருந்து பத்து வரி படிக்கட்டும்; தட்டுத் தடுமாறினாலும் கேட்போம். ‘எழுதப் படிக்கத் தெரிந்த பிறகு மேடை’ என்று வைத்தால் மேடைக்கு எவரும் வாரார். தமிழ் எழுத்து அறியாத தாய் தந்தையரும் பிள்ளையோடு பாயில் அமரலாம். இக்கடைசிக் கருத்துக்கு உறுப்பினர் ஒருவர் நகைத்தார். ஆயினும் சித்தூரில் பிறந்து வளர்ந்த மூன்று தாய்மார் மறுவாரமே பெயர் கொடுத்தனர்.

குழு மூன்று மாதம் தவணை தந்திருக்கிறது. காலை வேளையில் பிற பாடங்களுக்குத் தனிவகுப்பு இருப்பதால் நம் வகுப்பு ஞாயிறு மாலை 5 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. சென்ற வாரம் காட்பாடிக்கு அலுவலாகச் சென்றபோது அரிச்சுவடி இருபது வாங்கி வந்தேன். அவற்றில் பதினொன்று இன்னும் என் மேசையில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் படிக்கப் போகிறவன், பார்சல் அலுவலகத்தில் பணியாற்றும் நம் உறுப்பினர் ஒருவரின் ஆறு வயது மகன். அவன் இப்பொழுது ஙகரத்தில் நிற்கிறான்.